தங்கையின் வாய்தா

நீதிமன்றம் உத்தரவு போட்ட நாளிலிருந்து அந்த நாற்பத்தோரு பேருக்கும் நகம் வளரவில்லை. நோயும் வளரவில்லை. புதிய வைத்தியச் சட்டம் நாட்டில் எல்லாருக்கும் இலவசச் சிகிச்சை தந்தது. ஆனால் சட்டத்துக்கு முன்பே வந்துவிட்ட நோய்க்குக் கிடையாது என்று அதன் ஒன்பதாம் பிரிவு கையை விரித்தது. அந்தப் பிரிவை எதிர்த்து நாற்பத்தோரு நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடியும்வரை மனுதாரர் எவருடைய உடல்நிலையும் மாறக் கூடாது, இன்று இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்றார் நீதிபதி. அது எப்படி முடியும் என்று அரசு வக்கீல் எழுந்து கேட்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். உத்தரவு என்றால் உத்தரவுதான். உடம்புகள் கீழ்ப்படிந்தன.

நாடாளுமன்றத்தின் வேலையில் நீதிமன்றம் மூக்கை நுழைக்கிறது என்று ஆளுங்கட்சி கொதித்தது. செலவே இல்லாமல் நாற்பத்தோரு பேர் பிழைத்திருக்கிறார்கள், இதையே சட்டமாக்கு என்றது எதிர்க்கட்சி. ஆட்சி மாறியதும் இரண்டு கட்சிகளும் வசனங்களை மாற்றிக்கொண்டன. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பல்லாயிரம் பேர் மனுப் போட்டார்கள். பட்டியல் மூடியாகிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள், நாற்பத்தோராவது மனுதாரரின் அக்கா. மனுதாரர்களுடைய வக்கீலின் அலுவலகத்தில், ஜன்னலில்லாத முன்னறையில், அவளுக்கு வேலை. தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் அவளைச் சேர்க்கச் சொல்லி வக்கீலின் காலைப் பிடித்ததும் அக்காதான். அதற்குப் பிறகு வருடத்துக்கு நான்கு முறை, வழக்கைத் தள்ளிவைக்கக் கேட்கும் வாய்தாக் கடிதத்தை அவளே அடித்தாள். காரணத்தையும் அவளே யோசித்தாள்: வக்கீலுக்குக் காய்ச்சல், வக்கீல் வெளியூர், ஆவணம் காணவில்லை. வக்கீல் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். ஜெயித்தாலும் சிகிச்சைக்கு ஒன்றரை வருட வரிசை இருந்தது. தங்கையிடம் இருந்ததோ மூன்று மாதம். அதனால் தீர்ப்பே வராமல் இருப்பதுதான் வைத்தியம்.

இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. அக்காவுக்குத் தலை நரைத்தது, முழங்கால் வீங்கியது, கடைவாய்ப்பல் இரண்டு விழுந்தது. தங்கை முப்பத்து நாலிலேயே நின்றாள். சின்ன வயதிலும் இதே கதைதான். நோஞ்சான் என்று ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு, ஆரஞ்சுச் சுளை அவளுக்கு, அம்மாவின் மடியும் அவளுக்கு. நல்ல உடம்போடு பிறந்த குற்றத்துக்கு அக்காவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. இப்போது இளமையும் அவளுக்கே என்றானது. "உன் தங்கச்சி அப்படியே இருக்கா பாரு," என்று கணவர் விகல்பமில்லாமல் சொன்ன அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே இருவரும் மருந்துக்கடைக்குப் போனபோது, "உங்க அம்மாவுக்கு ஸ்டூல் போடும்மா," என்றார் கடைக்காரர். ஸ்டூலைப் போட்டது தங்கை.

அந்த முறை அக்கா வாய்தாக் கடிதத்தை அடிக்கவில்லை.

தள்ளிவைக்க யாரும் கேட்காததால், மறுநாள் காலை தீர்ப்பு என்று நீதிபதி அறிவித்துவிட்டார். அன்று மதியம் தங்கை அலுவலகத்துக்கு வந்து, வழக்குக் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீ மறக்கிற ஆளு இல்லக்கா."

"மறக்கல. பொறாமையா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றாள் தங்கை. "உத்தரவு வந்த அன்னைக்குக் காலையில எனக்குத் தலைவலி. பன்னிரண்டு வருஷமா அதே தலைவலி. உனக்குச் சளி பிடிக்குது, ரெண்டு நாள்ல போயிடுது. அதைப் பாத்தாக்கூட எனக்குப் பொறாமையா இருக்கு." மறுபடியும் நெற்றிப்பொட்டை அழுத்தினாள். "ஆனாலும் சாகப் பயமா இருக்குக்கா."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினாள். காய்ச்சல், வெளியூர், காணாமல்போன ஆவணம் எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. அதனால் உள்ளதை உள்ளபடி அடித்தாள்: நாற்பத்தோராவது மனுதாரர் மேல் அவருடைய அக்காவுக்குப் பொறாமை. அதனால் வாய்தாக் கடிதம் உரிய நாளில் தரப்படவில்லை. அக்கா வருந்துகிறார், பொறாமை இன்னும் தீரவில்லை, அவகாசம் தேவை. வக்கீல் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

காலையில் நீதிபதி அதை இரண்டு முறை படித்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்த வழக்குக் கட்டுக்குள் இருந்த முதல் உண்மையான காரணம் அதுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆட்சேபம் உண்டா என்று அரசு வக்கீலைக் கேட்டார். அந்த வக்கீலுக்கும் ஒரு தம்பி இருந்தான், வெளிநாட்டில் மாடிவீடு கட்டியவன். ஆட்சேபம் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காரணம் ஏற்கப்பட்டது, பொறாமை தீரும்வரை வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

அதன்பின் மூன்று ஆட்சிகள் வந்தன. சட்டத்துக்கு இரண்டு முறை பெயர் மாறியது, ஒன்பதாம் பிரிவு மாறவில்லை. அக்கா ஓய்வுபெற்ற பிறகும் வருடத்துக்கு நான்கு முறை கோலூன்றித் தங்கையோடு நீதிமன்றத்துக்குப் போவாள். தீர்ந்ததா என்று கேட்பார்கள். தங்கையின் கறுத்த தலைமுடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்பாள். ஒரு முறைகூட அவள் பொய் சொல்ல வேண்டி வரவில்லை. வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடையில் தலைவலித் தைலம் வாங்குவாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். "பேத்திக்கா?" என்பார் கடைக்காரர். "ஆமாப்பா," என்று சொல்லி, தங்கை ஸ்டூலை எடுத்துப் போடும்வரை காத்து நிற்பாள்.