பத்து மணிக்கு வெளியே

“பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமா?” என்று சித்தப்பா என்னைக் கேட்டார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, அவர் வீட்டில் நான் சும்மா இருந்த மூன்றாவது மாதம் அது. கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சித்தி சிரித்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“அது போதும். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. ரெண்டும் ஒண்ணா இருந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் வேலை.”

சித்தப்பா காட்டின் தெற்கு வாசலில் காவலர். நடைபோக வருகிறவர்கள் அந்த வாசலில்தான் பதிய வேண்டும். தகரக் கூரை போட்ட ஒரு சாவடி, அதற்குள் மேசை, சுவரில் ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம், ஓரம் கிழிந்த வரைபடம், மூலையில் ஒரு பீப்பாய் நிறைய இரவல் ஊன்றுகோல்கள். மஞ்சள் வட்டம் போட்ட மரங்களைப் பார்த்து நடந்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். சிவப்பு வட்டம் என்றால் மூன்று மணி நேரம், இரண்டு ஓடைகள், கடைசியில் முழங்கால் பேச ஆரம்பிக்கும் ஒரு இறக்கம்.

எனக்கு வேலை பிடித்திருந்தது. பேச வேண்டியதில்லை. பதிவேட்டைத் தள்ளி, பென்சிலைக் காட்டினால் போதும், அவர்களே எழுதிக்கொள்வார்கள். பேச்செல்லாம் சித்தப்பாவுடையது.

“உள்ளே கரடி இருக்குமா சார்?” என்று யாராவது கேட்டால், “இருக்கு. இன்னிக்கு லீவு” என்பார்.

தினமும் வருகிறவர் ஒருவரே. வெயிலோ மழையோ, கையில் நீளமான கறுப்புக் குடை இருக்கும். அதனால் அவர் எங்களுக்குக் குடைக்காரர். ஏழு மணிக்கு வந்து சிவப்புப் பாதையில் போவார். அந்தப் பாதையின் கடைசி இறக்கத்தில் வேலியில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதைத் தாண்டினால் அவர் வீட்டுத் தெரு. வெளியே வந்ததை எழுதுவதற்காக மட்டும் ஒரு கிலோமீட்டர் சுற்றி மறுபடி சாவடிக்கு வர யாருக்கு மனம் வரும்?

“எனக்கும் சேர்த்து நீயே எழுதிடு கண்ணு. காடு என்னைத் தின்னாது, நான் ரொம்பக் காய்ஞ்சு போனவன்” என்பார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

“எழுது, எழுது. நானும் அப்படித்தான் எழுதிட்டு இருந்தேன்” என்றார் அவர். குடைக்காரர் போனபிறகு குரலைத் தாழ்த்தி, “தினமும் பத்துன்னே போடாதே. பாக்கிறவனுக்குச் சந்தேகம் வரும். ஒரு நாள் பத்து அஞ்சு, ஒரு நாள் ஒன்பது ஐம்பத்தஞ்சு. கொஞ்சம் கற்பனை வேணும்” என்றார்.

கற்பனைக்கு என்னிடம் குறைவில்லை. எட்டு மாதம் விதவிதமாக எழுதினேன். மழை பெய்த நாளில் பத்து இருபது. வெயிலடித்தால் ஒன்பது நாற்பது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் மழையில் பாதை ஊறிக் கிடந்தது. அவரைத் தவிர நான்கு பேர்தான் வந்தார்கள். நான்கு பேரும் மஞ்சள் பாதையில் போய்த் திரும்பிவிட்டார்கள். பத்து மணிக்குக் குடைக்காரருக்கு ‘10.10’ என்று எழுதினேன்.

பன்னிரண்டரைக்கு அவர் மனைவி வந்தார். செருப்பில்லாத கால். கையில் ஈரம் காயாத கரண்டி. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை.

“அவர் இன்னும் வீட்டுக்கு வரலை. பதினொண்ணைத் தாண்ட மாட்டாரே” என்றார்.

சித்தப்பா வழக்கம்போலப் பதிவேட்டைப் புரட்டினார். “பத்துப் பத்துக்கு வந்துட்டாரேம்மா, இதோ பாருங்க.” சொல்லி முடிக்கும்போதே அவர் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் சித்தப்பாவின் மேலதிகாரியான ரேஞ்சர் ஜீப்பில் வந்தது எங்கள் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் மூன்று ஆட்கள், மேல் சரிவில் விழுந்த மரத்தை அறுக்கப் போகிறவர்கள். அவர் விஷயத்தைக் கேட்டார், வரியைப் படித்தார்.

“வெளியே போயிட்டாரேம்மா. கடைத்தெருவுல, தெரிஞ்சவங்க வீட்டுல பாருங்க. ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போடுங்க.”

“எதுக்கும் ஒரு ஆளைச் சிவப்புப் பாதையில அனுப்பலாமே சார்” என்றார் சித்தப்பா. குரலில் அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை.

“வெளியே வந்த ஆளை உள்ளே போய்த் தேடச் சொல்றியா? மரம் ரோட்டுல கிடக்குய்யா.”

அந்த அம்மா கடைத்தெருப் பக்கம் நடக்கத் தொடங்கினார். ரேஞ்சர் ஜீப்பில் ஒரு காலை வைத்தார். சித்தப்பா வாயைத் திறந்தார், மூடினார். பத்தொன்பது வருட வேலை அந்த வாய்க்குள் இருந்தது.

“அவர் வரலை” என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. ரேஞ்சர் திரும்பினார். “என்ன சொன்ன?”

“வெளியே வரலை சார். வந்தாரான்னு தெரியாது. நான் பாக்காமலே எழுதினேன்.”

“பாக்காம எதுக்கு எழுதின?”

“தினமும் எழுதறதுதான்.”

முழுப் பழியையும் நானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் பேச ஆரம்பித்தேன். ஒரு சொல் அதிகமாகிவிட்டது. ரேஞ்சர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டின் பழைய பக்கங்களுக்குப் போனார். என் கையெழுத்து முடிந்து, அதற்கு முன்னால் சித்தப்பாவின் சாய்ந்த கையெழுத்து வந்தது. பத்து ஐந்து. ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து.

பதிவேட்டை மூடினார். “மரம் கிடக்கட்டும். மூணு பேரும் சிவப்புப் பாதையில இறங்குங்க. நீயும் போய்யா.”

சித்தப்பா அதற்குள் பீப்பாயிலிருந்து இரண்டு கோல்களை உருவிக்கொண்டு ஓடியிருந்தார். நான் ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்து எங்கள் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசைமேல் வைத்தேன்.

இரண்டாவது ஓடையின் மரப்பாலத்தில் பாசி. குடைக்காரர் அதில் வழுக்கிக் கீழே பாறையிடுக்கில் விழுந்து கிடந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது. இடுப்புவரை தண்ணீர். கத்திக் கத்திக் குரல் போய்விட்டதால், குடையை விரித்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதைத்தான் சித்தப்பா முதலில் பார்த்தார். பாதி வழி அவரே முதுகில் சுமந்து வந்ததாக ஆட்கள் சொன்னார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னாராம்.

மறுநாள் அந்த அம்மா கரண்டியை வாங்கிப்போக வந்தார். “எட்டே காலுக்கே விழுந்துட்டாராம். ‘நான் தண்ணியில கிடக்கறேன், அந்தப் பொண்ணு என்னைப் பத்துப் பத்துக்கு வீட்டுக்கு அனுப்பிடுச்சே’ன்னு சிரிக்கிறார்” என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

சித்தப்பாவை வடக்கு வாசலுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் நடக்க வருவதில்லை, விறகு லாரிகள்தான். தெற்கு வாசலில் என்னையே இருக்கச் சொன்னார்கள். அது எனக்குத் தண்டனையா என்று ரேஞ்சரைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

“உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கணும்னா நாலு பேர் வேணும்பேன்” என்றாள் சித்தி, தட்டில் சோறு போட்டபடி. “பேசின, சரி. உயிர்னா பேசித்தான் ஆகணும். அந்தத் ‘தினமும்’ எதுக்குடி?”

மூன்று நாளாகச் சித்தப்பா என்னைத் தாண்டித்தான் பேசினார். காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்; நான் இறங்கும்போது மட்டும் வண்டியை நன்றாகச் சாய்த்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சாவடியில் தன் பொருள்களை எடுத்து வைத்தார். பிளாஸ்க், ரேடியோ, மழைக்கோட்டு, நாற்காலியில் போட்டிருந்த பஞ்சுத் தலையணை. தலையணையை எடுத்தவர், அப்படியே என் நாற்காலியில் போட்டார். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். காவலர்கள் அதில் எழுதுவது வழக்கமில்லை. கடைசி வரிக்குக் கீழே தன் பெயரை எழுதினார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, ஐந்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டு, வெளியேறிய நேரத்தில் ‘4.52’ என்று போட்டார்.

பென்சிலை என் பக்கம் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.