டொக்டர் ஆன பிறகு ஒரு கெமிஸ்ட்ரி வகுப்பு

சுபானி பல் டொக்டராகி ஐந்து வருடமாகிவிட்டது. பிராங்பேர்ட் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே இடம் அவள் வேலை செய்யும் பல் கிளினிக்தான். அங்கே டொக்டர் பல்லைக் குடையும்போது நோயாளியின் வாயில் குழாயை வைத்து எச்சில் உறிஞ்சுவது அவளுடைய வேலை.

பட்டம் வழங்கியவர் அம்மா புஸ்பவதி. மகளுக்கு வேலை கிடைத்த அன்று, முதலாவது போனில் "உதவியாளர்" என்றார். மூன்றாவது போனில் "டொக்டர்" என்றார். நான்காவது ஆளுக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இருபத்தொன்பது வயதில் சுபானிக்கு உண்மையாகவே டொக்டராகும் ஆசை வந்தது. நுழைவுத் தேர்வில் கெமிஸ்ட்ரி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. மூன்று வாரம் லீவு போட்டு ஒரு கோடைகால அறிவியல் வகுப்பில் சேர்ந்தாள். கடைசி நாள் பரீட்சையில் தேறினால் விண்ணப்பம், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் குழாய் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். வெளியே மூச்சுவிட முடியாது. ஐந்து வருட டொக்டர், டொக்டருக்குப் படிக்க விண்ணப்பிப்பதை யாருக்கு விளக்குவது?

முதல் நாளே பக்கத்துக் கதிரையில் சாருஜன் வந்து உட்கார்ந்தான். கமலநாயகி அன்ரியின் மகன். அன்ரியின் காதில் விழுந்த செய்தி, எஸ்-பான் ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகுமுன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும்.

"டொக்டர் அக்கா! நீங்களோ எங்களுக்குப் படிப்பிக்கப் போறியள்?"

சுபானி வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. கேள்வி வந்தது.

"பொறும். நீர் மருத்துவபீடத்திலை ரெண்டாம் வருசம் எல்லோ? போன மாசமும் அன்ரி சொன்னவா. உமக்கு இஞ்ச என்ன வேலை?"

சாருஜன் முழித்தான். "நான் இன்னும் விண்ணப்பமே போடேல்லை அக்கா."

இரண்டு கள்ளரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அவனுக்குக் கெமிஸ்ட்ரி தண்ணீர்பட்ட பாடு. அவளுக்கு அணுக்களை எண்ணும் 'மோல்' என்ற இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

"டசின் எண்டால் பன்னிரண்டு முட்டை. மோல் எண்டால் பெரிய டசின். அவ்வளவுதான் அக்கா."

"எவ்வளவு பெரிசு?"

"எங்கட அம்மாமார் விட்ட கதையள் அளவு."

சட்டென்று விளங்கியது.

திங்கட்கிழமை பரீட்சை. ஞாயிறு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழா. வராவிட்டால் அம்மா விடமாட்டார். கோயிலடிக் கால்வாய்க் கரையில் சுபானியும் சாருஜனும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, கன்னத்தைப் பிடித்தபடி கமலநாயகி வந்தார். பின்னால் புஸ்பவதி.

"டொக்டர் பிள்ளை, நாலு நாளாய்ச் சாப்பிட ஏலாமல் கிடக்கு. ஒருக்காப் பாரும்."

"கிளினிக்குக்கு வாங்கோ அன்ரி."

"டெர்மின் கேட்டால் செப்டம்பருக்குத்தான் நாள் தருவினம். நீர் இருக்கேக்கை எனக்கேன் டெர்மின்?"

புஸ்பவதி முழங்கையால் இடித்தார். "பார் பிள்ளை." சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

சுபானி கையிலிருந்த ஐஸ்கிரீம் கரண்டியால் நாக்கை அமத்திப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லைச் சுற்றிய முரசுச் சதை பளபளவென்று வீங்கியிருந்தது. தாடைக்குக் கீழும் வீக்கம். ஐந்து வருடம் குழாய் பிடித்தவளுக்கு அது போதும். டொக்டர் மாதிரித் தலையாட்டி நாலு வார்த்தை சொன்னால், அன்ரி பனடோலைப் போட்டுக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுவார். வீக்கம் போகாது.

"அன்ரி, சீழ் கட்டியிருக்கு. இண்டைக்கே அவசர பல் டொக்டரிட்டைப் போங்கோ. உண்மையான டொக்டரிட்டை. நான் டொக்டர் இல்லை. எச்சில் உறிஞ்சுற குழாய் பிடிக்கிறனான். டொக்டருக்குப் படிக்க இனித்தான் விண்ணப்பம் போடவேணும்."

புஸ்பவதி தேரைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார். தேர் மற்றப் பக்கத்தில் நின்றது.

கமலநாயகி ஏதோ சொல்ல எத்தனித்தார். நாக்கின்மேல் இன்னும் கரண்டி. "ஆ... ஆ..." மட்டும் வந்தது.

சாருஜன் பார்த்தான். பிறந்ததிலிருந்து இப்படியொரு சந்தர்ப்பம் அவனுக்கு வாய்த்ததில்லை.

"அக்கா, கரண்டியை எடுத்துப்போடாதேங்கோ!" என்றவன் ஒரே மூச்சில் கொட்டினான். "அம்மா, நான் ரெண்டாம் வருசமும் இல்லை, முதலாம் வருசமும் இல்லை. அக்கான்ரை வகுப்பிலைதான் நானும்."

"ஆஆஆ!"

பிறகு அவனே தாயைக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தான். பல்லைப் பிடுங்கியதில் அன்ரிக்கு இரண்டு நாள் பேச ஏலாமல் போனது. ஜெர்மனி முழுக்கச் செய்தித் தட்டுப்பாடு.

பரீட்சை முடிவு புதன்கிழமை வந்தது. தேற அறுபது வேண்டும். சுபானிக்கு அறுபத்திரண்டு. அன்று மாலையே விண்ணப்பத்தைத் திறந்து, தொழில் என்ற இடத்தில் 'பல் டொக்டரின் உதவியாளர்' என்று எழுதினாள். குசினியில் சமைத்தபடி புஸ்பவதி போனில் இருந்தார். ஸ்பீக்கரில் கமலநாயகியின் வீங்கிய குரல்.

"இப்ப சனத்துக்கு என்னக்கா சொல்லுறது?"

"மேற்படிப்பு எண்டு சொல்லுவம். உம்மடை மகனுக்கும் அதையே சொல்லும்."

"ஓமக்கா, மேற்படிப்பு நல்லாயிருக்கு."

சுபானி கதவைச் சாத்திவிட்டு, 'அனுப்பு' என்ற பொத்தானை அமத்தினாள்.