நீலக் கதவு வரிசை

நாய்கள் காப்பகத்தில் சின்னவளின் வேலை நாய்களைப் பார்ப்பது. நேரில் அல்ல, திரையில். பத்து வினாடித் துண்டுகளாக வெட்டிய வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வால், காது, உதடு மூன்றையும் கவனித்து 'சாது', 'பயம்', 'கடிக்கும்' என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். எட்டு மாதத்தில் பதினோராயிரம் துண்டுகள். அவற்றைக் கொண்டுதான் அவளுடைய அக்கா கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இப்போது கூண்டுக்கு எதிரே கேமராவை வைத்தால் போதும், உள்ளே இருக்கும் நாய் எப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி.

சின்னவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். "இவ வாயத் திறக்கமாட்டா டாக்டர், ஆனா கண்ணுலேருந்து எதுவும் தப்பாது" என்று காப்பகத்தை நடத்தும் கால்நடை டாக்டரிடம் சொல்லித்தான் சேர்த்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் இவள் பென்சில் தொலைந்தால்கூட டீச்சரிடம் போய்ச் சொல்வது அக்காதான்.

வெள்ளிக்கிழமை ஒரு துண்டில் நாயே இல்லை. கழுவிவிட்ட ஈரத் தரை, கவிழ்த்த தட்டு, கூண்டுக் கதவு, அவ்வளவுதான். அழித்துவிடத்தான் நினைத்தாள். ஏதோ தோன்றி, கணினியிடம் கொடுத்துப் பார்த்தாள்.

கடிக்கும். தொண்ணூற்று மூன்று சதவீதம்.

இன்னும் நாற்பது துண்டுகளை எடுத்து, நாய் இருக்கும் இடத்தை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைத்துக் கொடுத்தாள். விடை மாறவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. கடிக்கிற நாய்களைக் காப்பகத்தில் எப்போதும் பின்வரிசையில்தான் அடைப்பார்கள். பின்வரிசைக் கதவுகளுக்கு நீலப் பெயின்ட். கணினி நாயைப் படிக்கவில்லை, கதவைப் படித்திருந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் மேசைக்கு ஓடினாள். அக்கா நாற்பது படங்களையும் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடிப்பாவி, எட்டு மாசமா பெயின்ட் கலரையா சொல்லிக் குடுத்திருக்கோம்?"

சின்னவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அக்காவின் முகம் மாறியிருந்தது.

"டாக்டர்கிட்ட திங்கக்கிழமை நானே பக்குவமா சொல்லிக்கறேன். நீ போய் உளறி வைக்காத. படத்தையெல்லாம் எனக்கு அனுப்பிடு."

அனுப்பினாள். பேசுகிற பாரம் வழக்கம்போல இறங்கிவிட்டது. இரண்டு நாளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை முன்வரிசையில் தரை போடுகிற வேலை. அங்கிருந்த நாய்களைப் பின்வரிசையின் காலிக் கூண்டுகளுக்கு மாற்றியிருந்தார்கள். அதில் அரைக்காதனும் இருந்தான். ஒரு காது பாதியோடு நின்றுபோனவன். மதியம் அவள் படியில் உட்கார்ந்தால் உள்ளங்கைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கிவிடுவான்.

டாக்டருக்குக் கணினியின் வேலையைக் காட்டும் நாளும் அதுதான். நடைபாதையில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய திரை, சுற்றிலும் காப்பகத்து ஆட்கள். டாக்டரின் கையில் இரண்டு பத்தி போட்ட தாள். முதல் பத்தியில் வருகிற நாய்கள் வீடுகளுக்குப் போகும். இரண்டாம் பத்திக்கு அன்று சாயங்காலமே உயிரை எடுக்கிற ஊசி. அதே மேசையில் ஒரு உறையும் இருந்தது. அக்காவின் வெளிநாட்டு ஆராய்ச்சிப் படிப்புக்கான சிபாரிசுக் கடிதம். இன்று எல்லாம் நல்லபடியாக முடிந்தால் டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

அக்கா பேசினாள். தொண்ணூற்றாறு சரி என்றாள். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதோ சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். டாக்டர் பார்ப்பதற்காக அக்கா எல்லாவற்றையும் போட்டுவைக்கும் பொதுக் கோப்புறையைத் திறந்து பார்த்தாள். நாற்பது படங்களும் அங்கே இல்லை.

கேமரா அரைக்காதனின் கூண்டுக்கு வந்தது. கடிக்கும், தொண்ணூற்று ஒன்று.

"இவனா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊசி போடும்போதுகூட என் கையை நக்கறவனாச்சே. லேபிள்ல ஏதாவது தப்பா?"

"லேபிள் எல்லாம் தங்கச்சி போட்டது டாக்டர். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்துத்தான் போடுவா." அக்கா திரும்பினாள். "என்னடி, சரிதானே?"

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டாம் பத்தியில் பேனாவை வைத்தார்.

சின்னவளின் கால்கள் நகர்ந்தன. நீலக் கதவைத் திறந்தாள். அரைக்காதன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். அவன் கழுத்துக் கயிற்றைக் கூண்டு கழுவுகிற அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு குனிந்து உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, ஈரத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா, அவனோட இடம் அவ்ளோ புடிச்சுப்போச்சா?" என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"கடிக்கும். தொண்ணூற்று நாலு." அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் தங்கச்சி கடிப்பாளா?"

டாக்டர் கதவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், தாளை நான்காகக் கிழித்தார். போகும்போது உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பேனா மேசையிலேயே கிடந்தது.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் அருகே அக்கா காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்கே சரிபண்ணியிருப்பேன்டி. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"நாளைக்கு அவன் இருந்திருக்கமாட்டான்."

"ஒரு நாய்க்காக, கூடப் பொறந்தவளை எல்லார் முன்னாடியும் இப்படி நிக்க வச்சிட்டியே."

சின்னவள் தன் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை வார்த்தை வந்தது.

"'என்னடி, சரிதானே'ன்னு கேட்டியே. நான் பேசமாட்டேன்னு தெரிஞ்சுதானே கேட்ட?"

அக்கா ஸ்கூட்டர் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பவில்லை. இன்னொரு முறை திருப்பினாள்.

சின்னவள் ஹெல்மெட்டைப் பின் இருக்கையில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். வீடு நான்கு கிலோமீட்டர். இருவருக்கும் ஒரே அறைதான்.