நாவலடி ஒழுங்கையில் பத்தாம் இலக்கம்

வீடு கட்டுவதற்கு முன்னரே படலை போட்டவள் கீரிமலைப் பக்கத்தில் உதயகலா ஒருத்திதான். வீடென்ன, வேலிகூட இல்லை. பற்றை வெட்டிய வெறும் வளவு, தூர்ந்துபோன கிணறு, குறுகிய ஒழுங்கைப் பக்கமாக இரண்டு சீமெந்துத் தூண், நடுவே பச்சை பூசிய தகரப் படலை. படலையைத் திறக்காமலே நாலு பக்கத்தாலும் உள்ளே போகலாம். மாடுகள் அப்படித்தான் போய்வந்தன. உதயகலா மட்டும் ஒவ்வொரு முறையும் கொளுக்கியைக் கழற்றி, உள்ளே போய், திரும்பச் சாத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அவளுடைய கணவர் குகதாசன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அது உதயகலாவின் சீதனக் காணி. முப்பது வருடங்களுக்கு மேலாக இராணுவத்தின் கம்பி வேலிக்குள் கிடந்தது. கலியாணமான புதிதில் அங்கிருந்து ஓடிவந்த இருவரும் உரும்பிராயில் குகதாசனின் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். ஒதுங்கினவர்கள் அங்கேயே நரைத்தும் போனார்கள். அண்ணர் தங்கமான மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வருகிற கடிதம், கலியாணக் காட், வங்கித் துண்டு எல்லாவற்றிலும் இவர்கள் பெயருக்குக் கீழே 'மே/பா' என்று போட்டு அண்ணரின் பெயர் இருக்கும். அந்த இரண்டு எழுத்தைக் கண்டால் உதயகலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னார் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்கள் என்று கடித உறையில் வேறு எழுதி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா?

காணி விடுபட்டபோது பாதிதான் விடுபட்டது. நாவலடி ஒழுங்கைக்கு இடப்பக்கக் காணிகளை விட்டார்கள், வலப்பக்கத்தை விடவில்லை. முட்கம்பி இப்போது ஒழுங்கையின் ஓரத்தாலே ஓடியது. உதயகலாவின் படலைக்கு நேரெதிரே, கம்பிக்கு அங்கால், றஜனியின் வளவு. இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். முந்தி இரண்டு வீட்டுப் படலையும் நேருக்கு நேர் நின்றன. ஒருத்தி கூப்பிட்டால் மற்றவள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். தாய்மாரிடம் ஏச்சும் வாங்குவாள். இப்போது றஜனி கரவெட்டியில் வாடகைக்கு இருக்கிறாள். எத்தனை வீடு மாறினாள் என்று அவளுக்கே கணக்கில்லை. மாதத்தில் ஒரு முறை இரண்டு பேரும் தொலைபேசியில் அழுவார்கள், பிறகு சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும், அவ்வளவுதான் உதயகலாவின் ஆசை. அந்த ஆசையை வைத்துக்கொண்டுதான் படலையைப் பழைய இடத்தில், பழைய ஒழுங்கையைப் பார்க்கப் போட்டாள்.

வளவின் பின்பக்கத்தால் புதிதாக ஒரு தார் ரோட்டு போயிருந்தது. காணி விடுபட்ட மற்றவர்கள் எல்லாரும் அந்த ரோட்டைப் பார்த்துத்தான் கொட்டில் போட்டார்கள்.

பிரதேச சபையிலிருந்து வீடுகளுக்கு இலக்கம் கொடுக்கக் கோபிசங்கர் என்ற இளம் உத்தியோகத்தர் வந்தார். வெறும் வளவில் தனியே நின்ற படலையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"அம்மா, படலை எந்த ரோட்டுக்குத் திறக்குதோ அந்த ரோட்டிலைதான் நம்பர். நீங்கள் இதைப் பின்பக்கம் திருப்பிப் போட்டா, தார் ரோட்டிலை இண்டைக்கே நம்பர் தரலாம். அதைக் கொண்டுபோய்க் கரண்டுக்கு எழுதிக் குடுக்கலாம்."

"திருப்பாமல் விட்டா, தம்பி?"

"இந்த ஒழுங்கையிலை இப்ப ஒரு வீடும் இல்லையே. வீடில்லாத ஒழுங்கையளைச் சபை இந்த முறை பதிவிலையிருந்து எடுக்கப்போகுது."

"எடுத்தா?"

"எடுத்தா அது ஒழுங்கை இல்லை, சும்மா நிலம். ஆரும் வேலியடைச்சுப் பிடிச்சாலும் கேக்கேலாது."

குகதாசன் முந்திக்கொண்டார். "பிறகென்ன, திருப்புவம். இந்தத் தூணைக் கிண்டுறதுக்கு ஒரு நாள் காணும்."

"அப்ப றஜனி எதாலை வாறது?" என்றாள் உதயகலா.

"அவளின்ரை காணி விடேக்கை பாப்பமப்பா."

"விடேக்கை பாதை இருக்காது. காணியைக் குடுத்துப்போட்டுப் பறந்து போ எண்டு சொல்லுவினமோ?"

கோபிசங்கர் தலையைச் சொறிந்தார். ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காவது இலக்கம் இருந்தால் பதிவிலிருந்து எடுக்க முடியாதுதான். ஆனால் அதைச் சபைக் கூட்டத்தில் வைக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுபடும், அதுவரை கரண்டும் இல்லை, வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது என்றார். குகதாசன் மனைவியைப் பார்த்தார். மனைவி கம்பிக்கு அங்காலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பொறுத்திருக்கிறன் தம்பி. இதிலையே தாங்கோ."

குகதாசன் படலையைத் தொடாமல் பக்கத்தால் இறங்கி விறுவிறென்று நடந்தார்.

இடப்பக்கம் ஒற்றை எண், வலப்பக்கம் இரட்டை எண். ஒழுங்கை வாயிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் அந்த வளவுக்கு ஓர் எண்ணை விட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். எல்லையெல்லாம் அழிந்துபோன அந்தப் பொட்டலில் எந்த வளவு எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? முதலாவது ஐயர் வீடு, அடுத்தது தட்டார் வீடு, அதற்கடுத்தது சங்கக்கடை மனேச்சர் வீடு என்று உதயகலா வேகமாகத்தான் தொடங்கினாள். பிறகு இடறிவிட்டது. றஜனிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எடியே, மனேச்சர் வீட்டுக்கும் எங்களுக்கும் இடையிலை ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை. பக்கத்திலை நீங்கள்தான்."

"கொய்யா நிண்ட வளவு ஒண்டு இருந்ததடி."

"அது மனேச்சரின்ரை பின்வளவு, விசரி."

"உனக்குத்தான் விசர். அதுக்குத் தனிப் படலை இருந்தது."

கோபிசங்கர் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். இங்கே ஒழுங்கைக்கு உயிர் இருக்குமா போகுமா என்ற கேள்வி, இவர்களோ கொய்யா மரத்துக்குச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. மனேச்சர் தன் பெறாமகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த வளவு அது. கலியாணத்துக்கு நாள் குறித்த பிறகுதான் எல்லாரும் ஓட வேண்டி வந்தது.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கையடி?" என்று கேட்டாள் றஜனி.

உதயகலாவுக்குத் தெரியவில்லை.

"அப்ப அது ஏழு. நீங்கள் ஒன்பது" என்றார் கோபிசங்கர்.

"எதிர்ப்பக்கம், தம்பி?"

அவர் முட்கம்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உள்ளுக்கை போய் அளக்கேலாது. ஆனா உங்களுக்கு நேரெதிர் எண்டா பத்துத்தான்."

"கேட்டனியோ றஜனி? நீ பத்து."

"எங்கடை வீட்டை எப்பவோ இடிச்சுப்போட்டாங்களாம். பத்தை எதிலையடி கொழுவுறது?" என்று றஜனி சிரித்தாள். பிறகு அவளுடைய குரல் இறங்கிவிட்டது. "எத்தினையாம்? திருப்பிச் சொல்லு."

"பத்து."

"ம்" என்றாள் றஜனி.

மாரி தொடங்கும் காலத்தில்தான் சபை ஒப்புதல் கொடுத்தது. நீல நிறத் தகட்டில் வெள்ளையில் ஒன்பது. முறுக்கிக்கொண்டு திரிந்த குகதாசனே ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து அதைத் தூணில் அறைந்தார். அறைந்துவிட்டு ஒழுங்கையின் நடுவில் போய் நின்று, சரிவாக இருக்கிறதென்று கழற்றித் திரும்பவும் அறைந்தார். வளவில் கொட்டில் போட்டுக் குடிவந்தார்கள். கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பி விளக்கில் இருந்தார்கள். "உன்ரை சிநேகிதிக்காக நான் இருட்டிலை கிடக்கிறன்" என்று குகதாசன் தினமும் ஒரு தரம் சொல்லிக்கொள்வார். கோபம் போய், வாய்ப்பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது.

தை பிறந்து றஜனியின் மகள் கஜானிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வவுனியா. மண்டபம் நெல்லியடியில். காட் தபாலில் வந்தது. அவர்களுடைய சொந்த விலாசத்துக்கு வந்த முதல் தபால் அதுதான். அந்தச் சந்தோசத்தில் உதயகலா உறையைத்தான் நெடுநேரம் பார்த்தாள். பிறகுதான் காட்டைப் பிரித்தாள். அடியில், வலப்பக்கம், பெண் வீட்டார் விலாசம்: இல. 10, நாவலடி ஒழுங்கை, கீரிமலை.

"உவளுக்கென்ன விசரோ? கம்பிக்குள்ளை கிடக்கிற பற்றைக்கெல்லோ விலாசம் அடிச்சிருக்கிறாள்!" என்றார் குகதாசன்.

உதயகலா தொலைபேசியில் கேட்டதற்கு றஜனி சொன்னாள்: "என்ரை பிள்ளை பிறந்ததும் வாடகை வீடு, பெரிசானதும் வாடகை வீடு. அவளின்ரை கலியாணக் காட்டிலையும் அதைப் போடச் சொல்லுறியே? நம்பர் இருக்கெண்டு நீதானே சொன்னனீ."



கலியாண நாள் விடிய, அவள் சீலை உடுத்து, பூ வைத்து, குகதாசனை அவசரப்படுத்திக்கொண்டு நின்றாள். ஒழுங்கைக்குள் ஓர் ஓட்டோ வந்து நின்றது. பட்டு வேட்டியோடு ஒரு முதியவர், மடியில் பெரிய பரிசுப் பெட்டி, கையில் காட். மாப்பிள்ளையின் சித்தப்பா, பெயர் நமசிவாயம். லண்டனிலிருந்து வந்து இறங்கி, இரவு பஸ்ஸில் நேரே யாழ்ப்பாணம் வந்திருக்கிறார். மண்டபத்துச் சனத்துக்குள் கொடுக்காமல், பொம்பிளைப் பிள்ளையை வீட்டில் பார்த்துத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று காட்டிலிருந்த விலாசத்துக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, இது ஒன்பதெண்டா பத்தாம் நம்பர் எது?"

குகதாசன் வாயைத் திறந்தார். உதயகலா அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். காணியின் கதை, கம்பியின் கதை, ஓடிய கதை எல்லாவற்றையும் அந்த மனிதருக்குச் சொல்லலாம். கலியாணப் பிள்ளைக்கு வீடு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் தன் வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நேரெதிர்தான் ஐயா. அவை எல்லாரும் மண்டபத்துக்குப் போயிட்டினம். நாங்களும் அங்கைதான் போறம், நீங்களும் எங்களோடை வாங்கோ."

நமசிவாயம் திரும்பிப் பார்த்தார். முட்கம்பி, அதற்கு அங்கால் இடுப்பளவு பற்றை, தூரத்தில் ஒரு காவல் கொட்டில். பெட்டியை மார்போடு அணைத்தபடி அவர் நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு, வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"திரும்பி வர நேரமாகுமோ, பிள்ளை?"

"ஓம் ஐயா" என்றாள் உதயகலா. "கொஞ்சம் நேரமாகும்."