கண்ணாடி வழியே வந்த வெயில்

புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாம் மாடி வீடு. லாசரஸ் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, மனைவியின் பிரம்பு நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போடுவதுதான். வெயில் ஏறி வருவதற்குள் அல்போன்சம்மாளுக்குத் தலைவாரி, ரொட்டியைக் கோப்பியில் நனைத்து ஊட்டி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்துவிடுவார். வெயில் அவள் மடியில் வந்து விழும். பூனைக்குட்டியைத் தடவுவதுபோல அதைத் தடவிக்கொண்டே அவள் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வெயில் என்றால் உயிர். இந்த ஒன்றையாவது குறைவில்லாமல் செய்கிறோம் என்று லாசரஸுக்கு ஒரு நிம்மதி.

சன்னலை மட்டும் அவர் திறப்பதில்லை.

திறந்திருந்த நாளும் உண்டு. காக்காய்க்குச் சோறு வைக்கிறேன் என்று அவள் பானையோடு எடுத்துக் கீழே போட்டாள். கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை தப்பியது தேவமாதா புண்ணியம். வீடமைப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அன்றைக்கே சன்னல்களுக்குத் திருகாணி ஏறிவிட்டது.

வாசல் இரும்புக் கதவுக்குப் பூட்டு அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கடைவீட்டு மாடியில் இருந்தவரைக்கும் அவள் காலாற நடந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவாள். எதிரே வருகிறவர்களெல்லாம் தெரிந்த முகம். இங்கே வந்து, மறதி தொடங்கிய பிறகு, அதே மார்க்கெட்டுக்கு என்று கூடையோடு இறங்கினாள். இட்லிச் சட்டியில் வார்த்ததுபோல எல்லா அடுக்குமாடி புளோக்கும் ஒன்றுபோலவே இருந்தால் எது வீடு, எது தெரு? சாயங்காலம் போலீஸ்காரர்கள்தான் கூட்டிவந்து விட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடுவில் எழுந்து நின்று, "சாமி, சீக்கிரம் முடிங்க, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்றாள். பின்பெஞ்சில் சிரித்துவிட்டார்கள். பாட்டுக்குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவள் அவள். லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டு அவளை வெளியே கூட்டிவந்தார். அதற்குப்பிறகு யார் கேட்டாலும், "அவளுக்கு முட்டிவலி, மாடி எறங்க முடியல" என்று ஒரே பதில்தான். முதல் வெள்ளியன்று வீட்டுக்கு நற்கருணை கொண்டுவர ஆள் அனுப்பட்டுமா என்று சாமியார் கேட்டபோதும், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று சொல்லித் தட்டிக்கழித்தார். அவள் கேலிப்பொருளாகக் கூடாது, அவ்வளவுதான். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். கௌரவம்தான் கையிலிருந்த சொத்து.

அவர் மனதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. கல்யாணமாகி மகள் உர்சுலா பிறந்த நாளிலிருந்து அல்போன்சம்மாள் அவரை "உர்சுலாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவர் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. சிலநாள் "அண்ணே" என்பாள், சிலநாள் "ஏங்க வாட்ச்மேன்" என்பாள். ஒரே ஒரு தடவை, கண்ணைப் பார்த்து, "உர்சுலாப்பா" என்று அவள் கூப்பிட்டுவிட வேண்டும். அதற்குப்பிறகு என்ன ஆனாலும் சரி.

பூட்டுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. ஒருநாள் கட்டிலிலிருந்து எழுந்தவள் மெத்தென்று தரையில் உட்கார்ந்ததுபோலத்தான் விழுந்தாள். அதற்கே இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர், சின்ன வயது, எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். இரத்தப் பரிசோதனையும் வந்திருந்தது. எலும்பெல்லாம் மெழுகாட்டம் இளகிக் கிடக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி உண்டாக்கும்; இவர்கள் உடம்பில் அது ஏறக்குறைய வற்றிவிட்டது.

"அங்கிள், இவங்க வெளிய போறதே இல்லையா?"

"வெயில்லதான் டாக்டர் உக்காருறா. தினமும். நானே உக்கார வைக்கிறேன், சன்னல் பக்கத்துல."

"சன்னல் தொறந்திருக்குமா?"

லாசரஸ் எக்ஸ்ரே படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் புரிந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், ஆனால் தோலுக்கு வேண்டிய கதிரை மட்டும் தடுத்துவிடும் என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், இருட்டில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

கையை மடியில் வைத்து வெயிலைத் தடவிக்கொண்டிருந்த அந்தக் காலைகள் ஒவ்வொன்றும் லாசரஸின் கண்முன்னே வந்து போயின. பட்டினி கிடப்பவளுக்குத் தினமும் காலித்தட்டை வைத்துப் பரிமாறியிருக்கிறோம்.

கிளம்பும்போது கேட்டார். "வெயில் பட்டா மறதியும் சரியாகுமா டாக்டர்?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். எலும்புக்கும் தசைக்கும் நல்லது, அது நிச்சயம். மூளைக்கும் இந்தச் சத்து சிறுவயதிலிருந்து கடைசிவரை வேண்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. "போன ஞாபகம் திரும்ப வரும்னு மட்டும் நம்பிடாதீங்க, அங்கிள்."

லாசரஸின் காதில் முன்பாதிதான் ஏறியது.

"அம்மாவுக்கு ஞாபகம் வந்துரும் உர்சுலா. சத்து இல்லாமத்தான் இப்படி ஆயிருக்கு. டாக்டரே சொல்லிட்டாங்க," என்றார் மகளிடம்.

உர்சுலா சிராங்கூனில் குடியிருந்தாள், வங்கியில் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே அவரை உற்றுப் பார்த்தாள். "டாக்டர் என்கிட்டயும் பேசினாங்க, டாடி. அவங்க சொன்னது அது இல்ல."

"உனக்கு என்ன தெரியும்?"

"அம்மாவ கீழ கூட்டிட்டுப் போங்கன்னு நான் எத்தன தடவ சொன்னேன்? யாராச்சும் பாப்பாங்க, யாராச்சும் பாப்பாங்கன்னே சொல்லிட்டிருந்தீங்க. பாத்தா என்ன டாடி?"

எலும்பில் திருகு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வீடு திரும்பியபிறகு மாத்திரை, மீன் எண்ணெய், காலை வெயில். முதலில் சக்கர நாற்காலி. லிஃப்ட் நிற்கிற மாடிக்கு ஒரு மாடி இறங்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கதீஜா, நாகூர்ப் பூர்வீகம், வாய் ஓயாதவள், ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுவாள்.

"இத்தன நாளா அக்காவ உள்ளேயே ஒளிச்சு வச்சிருந்தீங்களே அண்ணே, தங்கக்கட்டியா?"

"முட்டிவலிம்மா."

"முட்டிவலி! சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவகிட்டயா லா?" என்று சிரித்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சட்டென்று பேச்சை மாற்றினாள். "சரி சரி, ஓரமா பிடிங்க, படி வருது."

விளையாட்டுத் திடலை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் அவளை உட்கார வைத்து, சேலைத் தலைப்பை விலக்கி, முழங்கை வரைக்கும் வெயில் படும்படி விடுவார். முதல் நாள் அல்போன்சம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுதாள். போகப் போக லிஃப்ட் சத்தம் கேட்டாலே முகம் மலர்ந்தது. ஊன்றுகோலோடு நடந்தாள். சாப்பாடு இறங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து மாதா பாட்டின் மெட்டை முனகினாள். போகிற சீனக் கிழவிகள் கையசைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணே, தினமும் காலையில டேட்டிங்கா?" என்பாள் கதீஜா, கூடையோடு போகும்போது.

"ஆமாம்மா, இவங்க வீட்டுல தெரியாது," என்பார் லாசரஸும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பெஞ்சருகே நின்றாள். அல்போன்சம்மாள் அண்ணாந்து பார்த்து, "உர்சுலா, மெலிஞ்சுட்டியேடி," என்றாள். உர்சுலா அப்படியே மண்டியிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

லாசரஸுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் பெயர் வந்துவிட்டது. அடுத்தது தன் முறைதானே! மறுநாள் முகத்தை மழித்து, வேலைக்குப் போன காலத்தில் உடுத்திய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். தலைமுடியை அந்நாளைப்போலவே பக்கவகிடு எடுத்துச் சீவினார். பெஞ்சில் அவளுக்கு நேராகத் திரும்பி, முகத்தில் வெயில் விழும்படி உட்கார்ந்தார். நன்றாகப் பார்க்கட்டும்.

அவள் நன்றாகத்தான் பார்த்தாள். அப்புறம் சுற்றுமுற்றும் ஒரு பார்வை விட்டுவிட்டு, ரகசியம் சொல்வதுபோல அருகே சாய்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. உர்சுலாப்பா வர்றதுக்குள்ள நான் மேல போயிரணும்."

காத்திருந்த வார்த்தை. அது தன்னைத் தாண்டி வேறு யாரிடமோ போனது.

"ஏம்மா? வந்தா என்ன?"

"பூட்டிருவாரு."

"அடிப்பாரா?"

"சேச்சே! கைநீட்ட மாட்டாரு. தலைவாரி விடுவாரு, ஊட்டி விடுவாரு." அவள் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, புருஷனைப் பற்றித் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று. "பயந்தவரு அண்ணே. நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பயம். என்னைப் பாத்து அவருக்கு வெக்கம்."

காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையைத் துரத்திக்கொண்டு இரண்டு குழந்தைகள் திடலின் குறுக்கே ஓடினார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நல்ல மனுஷனாத் தெரியிறீங்க. அவரைப் பாத்தா சொல்லுங்களேன். உள்ள ரொம்ப இருட்டா இருக்குன்னு சொல்லுங்க."

நான்தான் அது, அல்போன்சு. உர்சுலாப்பா நான்தான். அது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இந்தப் பெஞ்சில் இந்தச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பவள் என்ன ஆவாள் என்று எண்ணிப் பார்த்தார். வெயிலில் உட்கார்ந்து அவள் நம்பிப் பேசக் கிடைத்த ஒரே ஆளையும் அவளிடமிருந்து பிடுங்கியதாகிவிடும்.

"பாத்தேம்மா," என்றார். "நேத்துத்தான் பாத்தேன். தெரியாமச் செஞ்சிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னாரு. இனிமே பூட்ட மாட்டேன்னாரு. அழுதாரு."

அல்போன்சம்மாள் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"போங்கண்ணே! அவரா? மன்னிப்பா? என்கிட்டயா? நாங்க எத்தன வருஷமா குடும்பம் பண்ணுறோம், எனக்குத் தெரியாதா அவரை? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நீங்களாச் சொல்லுறீங்க."

லாசரஸ் கைக்குட்டையைத் தேடினார். எடுத்ததும் முகத்தைத் துடைக்கத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அட, அழாதீங்க," என்றாள் அவள். "உங்களுக்கும் வீட்டுல கஷ்டமா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

வெயில் நகர்ந்து பெஞ்சின் ஒரு பாதியில்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஒதுங்கி, பக்கத்தில் இடம் உண்டாக்கினாள்.

"இப்பிடி வாங்க. நிழல்லயே உக்காந்திருக்கீங்க. வெயில் நல்லதாம், டாக்டரு சொன்னாங்க."

லாசரஸ் எழுந்துபோய் அவள் பக்கத்தில், அந்நிய ஆள் விடவேண்டிய இடைவெளி விட்டு, உட்கார்ந்தார்.