வசவுத் தட்டு

இப்போதெல்லாம் மனுஷனை மனுஷன் திட்டுவதைக்கூடத் இசைத்தட்டில் பதிந்து விற்கிறார்கள். அதையும் வாங்கி வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்லத்தான் கிழவர் அலோய்ஸ் வியன்னாவில் ஒரு காபிக்கடையின் பின்னறைக்குள் நுழைந்தார். என்றோ செத்துப்போன ராட்டென்பெர்க் நடத்திய இசைக்குழுவின் பழைய பதிவுகளைக் கேட்பதற்கென்றே அங்கே ஒரு சங்கம். அவர் கோலை உயர்த்தினால் நூறு பேர் மூச்சை அடக்குவார்களாம்.

அன்று ஓடியது கச்சேரி அல்ல, ஒத்திகை.

"ரெண்டாவது கொம்பு! ஊதுறியா, இல்ல மாட்டுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று தட்டிலிருந்து ராட்டென்பெர்க் கத்தினார். சங்கத்துக்காரர்களும் கூடவே உதட்டை அசைத்தார்கள். அத்தனை வசவும் மனப்பாடம். "உன்னைப் பெத்தவ கேட்டா காதைப் பொத்திக்குவா" என்ற இடம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டார்கள்.

குழுவில் கொம்பு வாத்தியம் ஊதிய அந்த இரண்டாவது ஆள் அலோய்ஸின் தம்பி ஒட்மார். நிலக்கரி மூட்டை சுமந்து அவனை இசைப்பள்ளிக்கு அனுப்பியவர் அலோய்ஸ். அந்த ஒத்திகைக்குப் பிறகு பல நாள் அவன் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை.

"நிறுத்துங்கய்யா அந்தக் கருமத்தை. இனிமே இது எங்கயும் ஓடக் கூடாது" என்றார் அலோய்ஸ்.

சங்கச் செயலாளர் டாக்டர் ஷெரர் தட்டின் மேலிருந்து கிராமபோன் முள்ளைத் தூக்கினார். "பெரியவரே, இது சரித்திரம்."

"உங்கம்மாவ இழுத்தா சரித்திரம்னு கேட்டுக்கிட்டு இருப்பீங்களா?"

முன்வரிசையில் ஒரு வழுக்கைத்தலை திரும்பியது. ஒட்மார். கோட்டில் பூ செருகியிருந்தான். மடியில் தட்டு உறைகள்; கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உக்காருண்ணே. நான்தான் போடச் சொன்னேன்."

"நீயா?"

"காலமெல்லாம் ஊதினேன், எவனுக்கும் என் பேரு தெரியாது. இதுல மட்டுந்தான் நான் இருக்கேன்."

"வெக்கமா இல்லையாடா?"

"மத்தவங்கள அவரு ஏறெடுத்தும் பாத்ததில்ல. என்னைத்தான் திட்டினாரு."

"நாய எட்டி உதைச்சாக்கூடக் குரைக்கும். நீ வாலாட்டுற. எந்திரி, வீட்டுக்குப் போவலாம்."

ஒட்மார் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் உறையை நீட்டினாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான். 'என் அன்பான' என்று எழுதத் தொடங்கி, அவள் பெயரைக் கேட்டான்.

அலோய்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தூறிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு டிராம்காரன் கதவை மூடாமல் காத்திருந்தான்.

"திட்டு வாங்கினது பெருமையாம். தூ."

போ, போ என்று கையை வீசிவிட்டு, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தார்.