இரண்டாம் தடவை கேட்டால்

பயிற்சியாளர் செந்தில்முருகன் பையில் இரண்டு குட்டைக் கண்ணாடித் தம்ளர்களும் ஒரு நெட்டைத் தம்ளரும் எப்போதும் இருக்கும். குழந்தை வளர்ச்சிக் கொள்கைகளைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய் வகுப்பறையில் நடைமுறைப்படுத்துவது அவர் வேலை. பாளையங்கோட்டையில் முத்துராணி நடத்தும் இரண்டாம் வகுப்பில் அன்று காலை அவர் நடைமுறைப்படுத்திய விதத்தைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இசக்கிச்செல்வியை முன்னால் கூப்பிட்டார். குட்டைத் தம்ளர் இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, "எதுல கூட இருக்கு?" என்றார்.

"ரெண்டும் சமம் சார்."

ஒன்றை அப்படியே நெட்டைத் தம்ளரில் ஊற்றினார். "இப்பச் சொல்லு. எதுல கூட?"

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நெட்டைத் தம்ளரைத் தொட்டாள்.

அவ்வளவுதான். மெல்லக் கற்பவள் என்று எழுதிவிட்டார். நாளையிலிருந்து அவள் ஒன்றாம் வகுப்பு அறையில் உட்கார வேண்டுமாம்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்த குடும்பம் அவளுடையது. இங்கே வந்து இரண்டு சிநேகிதிகளைப் பிடிக்கவே அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் ஆனது. அந்தப் பெஞ்சிலிருந்தும் கிளப்புவதா?

செந்தில்முருகன் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை அறைக்கே முத்துராணி போய்விட்டாள். "ஏழு வயசுப் பிள்ளையள்ல பாதி இப்படித்தான் சொல்லும் சார். வளர வளர அது தானா சரியாகும்னுதான அந்தக் கொள்கையே சொல்லுது. அத எடுத்துப் பிள்ளையளச் சலிக்கிற சல்லடையா ஆக்கிட்டீயளே."

"எனக்குச் சொல்லித் தந்ததத்தான் செய்யுதேன் டீச்சர்" என்றார் செந்தில்முருகன்.

தலைமையாசிரியை ஞானசௌந்தரி கையமர்த்தினார். "விடு முத்துராணி. மலையில வளந்த பிள்ள, பைய வரட்டுமே. இதுக்குப் போயி ஏன் மல்லுக்கு நிக்க?"

மத்தியானம் சத்துணவு வரிசை முடிந்ததும் முத்துராணி அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏட்டி, தண்ணி கூடிட்டுன்னா நெனச்ச?"

"இல்ல டீச்சர். அதே தண்ணிதான."

"பெறகு ஏன் மாத்திச் சொன்ன?"

"சார் திரும்பக் கேட்டாவல்லா. திரும்பக் கேட்டா மொதல்ல சொன்னது தப்புதான?" சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நீங்களும் அப்படித்தான கேப்பிய. சரியாச் சொன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிருவிய."

முத்துராணிக்குச் சுருக்கென்றது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். யாரும் வாய்திறந்து தப்பு என்று சொல்வதில்லை. அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்பார்கள். அதை இவள் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள். கற்றதற்குத்தான் இந்தத் தண்டனை.

பிள்ளை கைகழுவியதும் கையோடு அழைத்துக்கொண்டு மறுபடியும் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தாள். செந்தில்முருகன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இன்னைக்கு என்ன கிழமை?" என்று தலைமையாசிரியையிடம் கேட்டாள்.

"புதன்" என்றார் ஞானசௌந்தரி.

"என்ன கிழமை டீச்சர்?"

ஞானசௌந்தரியின் கண் சுவர்க் காலண்டருக்குப் போனது. "புதன்தான... ஏன்?"

"நீங்களே காலண்டரப் பாக்கீய. இந்தப் பிள்ளைக்கு யாரு காலண்டர் மாட்டி வச்சிருக்கா? சார் மொகத்தத்தான பாக்கும்."

இசக்கிச்செல்வி சொன்னதையும் அப்படியே சொன்னாள். ஞானசௌந்தரி செந்தில்முருகன் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ பாத்திருங்க சார்" என்றார்.

"ஊத்தின பெறகு மட்டும் கேளுங்க" என்றாள் முத்துராணி. "ஒரே ஒரு கேள்வி."

தம்ளர்கள் மேசைக்கு வந்தன. இரண்டு குட்டைத் தம்ளரிலும் தண்ணீரைச் சமமாக்கிவிட்டு, ஒன்றை நெட்டைக்கு மாற்றி, செந்தில்முருகன் கேட்டார்.

"சமம் சார். நீங்க ஒண்ணும் சேக்கலயே."

அதோடு விட்டிருக்கலாம். வாய்ப்பழக்கம் விடவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லு. எதுல கூட?"

இசக்கிச்செல்வியின் முகம் வாடியது. விரல் மேசைமேல் நெட்டைத் தம்ளர் பக்கம் மெல்ல நகர்ந்தது.

முத்துராணி நெட்டைத் தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "அவ சொல்லிட்டா சார். அத எழுதுங்க."

ஞானசௌந்தரி பேனாவை அவர் பக்கம் தள்ளினார். "பிள்ள ரெண்டாம் வகுப்புலயே இருக்கட்டும். எழுதுங்க. நெசமாவான்னு என்கிட்டத் திரும்பக் கேக்காதீய."